மூலம் இல்லாத மொழிபெயர்ப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1830-ஆம் ஆண்டு தோன்றிய மார்மன் மதத்தைப் பற்றி எழுதப் புகுந்த மேலைநாட்டார் பலர், நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரை அதில் இழுக்காமல் விட்டதில்லை. அம்மதத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை 'அமெரிக்க முஹம்மது' என்று ஏசுவது அந்நாளையப் பத்திரிகைக்காரர்க்கும் பாதிரிமார்க்கும் கைவந்த வழக்கமாயிருந்தது. 1838-இல் அவரை விட்டுப் பிரிந்த தாமஸ் மார்ஷ் என்பவர், இத்தலைமுறைக்குத் தாமே இரண்டாம் முஹம்மதாக இருக்கப் போவதாக ஸ்மித் கூறினார் என்று ஆணையிட்டு எழுதிக் கொடுத்தார். மாறுவேடம் பூண்டு 1853-இல் மக்காவுக்குச் சென்றுவந்த ஆங்கிலேயர் ரிச்சர்ட் பர்ட்டன், 1860-இல் மார்மன்களின் தலைநகராகிய சால்ட் லேக் நகரையும் பார்த்துவந்து மறு ஆண்டே ஒரு பெருநூல் வெளியிட்டார். ஜெர்மானிய வரலாற்றறிஞர் எட்வர்ட் மையரோ 1904-இல் அந்நகருக்குப் போய், 1912-இல் எழுதிய நூலில், மார்மன் மதத்தின் தோற்றத்தை ஆராய்ந்தால் இஸ்லாத்தின் தோற்றம் விளங்கும் என்னும் அளவுக்குச் சென்றார்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கும் இம்முயற்சியில் அடிபட்டவர்கள் இருவர். அவ்விருவரில் ஒருவர் நாம். ஆகவே இவ்வியக்கத்தைப் பற்றி நாம் அறிந்து வைத்திருப்பது வேண்டாத வேலையன்று. ஆனால் நம்மவரிடையே இதைப் பற்றிப் பேசுவோர் இரண்டு வகையாகவே பேசக் கேட்கிறோம். 'பொய்த் தூதர் ஒருவர் எழுப்பிய கூட்டம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் ஒரு சாரார். 'அமெரிக்கரே பலதார மணத்தை ஒப்புக்கொண்டார்கள், பாருங்கள்' என்று அவர்களைத் தமக்குச் சாட்சியாக அழைப்போர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு விசாரணை இல்லை. பின்னவர்க்கு விவரம் இல்லை. நபித்துவம் எவரோடு முற்றுப் பெற்றது என்பதில் நமக்கு ஐயமில்லை, வாசகர்க்கும் இல்லை. அதைத் திரும்பச் சொல்வதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. நம் முன்னோர் ஹதீஸ் கலையில் வகுத்துத் தந்த ஸனது, மதன் என்னும் இரு அளவுகோல்களை, அதாவது செய்தி வந்த வழியையும் செய்தியின் உள்ளுறையையும் தனித்தனியே நோக்கும் முறையை, இந்நூலின்மேல் வைத்துப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம்.

ஜோசப் ஸ்மித் 1805 டிசம்பர் 23-இல் வெர்மாண்ட் மாநிலத்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் பிறகு நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பால்மைராவுக்குக் குடிபெயர்ந்தது. அந்நிலப்பகுதி அக்காலத்தில் மதப் பிரசாரக் கொதிப்பால் வெந்து கிடந்தது. மெதடிஸ்டு, பாப்டிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் என்று ஒவ்வொரு சபையாரும் கூடாரமடித்து மக்களைத் தம்பால் அழைத்தனர். ஒரே வீட்டில் தாய் ஒரு சபை, மகன் ஒரு சபை என்றிருந்த காலம் அது. இவற்றுள் எது மெய் என்று கேட்டுத் தாம் 1820-இல் தோப்பொன்றில் பிரார்த்தித்ததாகவும், அப்போது காட்சி கிடைத்ததாகவும், எச்சபையிலும் சேரவேண்டாம் என்று தமக்குக் கூறப்பட்டதாகவும் ஸ்மித் பிற்காலத்தில் உரைத்தார். பின்னர் 1823 செப்டம்பரில் மொரோனி என்னும் வானவர் தோன்றி, அருகிலுள்ள குன்றில் பொன் தகடுகளாலான ஏடொன்று புதைந்திருப்பதை அறிவித்தார் என்றும், 1827 செப்டம்பர் 22-இல் அது தம் கைக்கு வந்தது என்றும் அவர் சொன்னார்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. அந்நாட்டுச் சிற்றூர்களில் புதையல் தேடும் பைத்தியம் பரவியிருந்தது. நம் பக்கத்தில் மை போட்டுப் பார்ப்பவர் இருந்ததுபோல, அங்கே கல்லைப் பார்த்துக் களவு போனதையும் புதைந்து கிடப்பதையும் சொல்வோர் இருந்தனர். இளைஞர் ஸ்மித்தும் அத்தொழிலில் ஈடுபட்டு, 1826-இல் பெயின்பிரிட்ஜ் என்னும் ஊரில் நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டார். பின்னாளில் தகடுகளைப் பெயர்த்தபோதும் அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று அத்தகைய கல்லே. கல்லைத் தொப்பிக்குள் இட்டு, ஒளி புகாதவாறு முகத்தைத் தொப்பியில் புதைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதினார்கள் என்பது உடனிருந்தோர் சொன்ன செய்தி. இதனை நெடுங்காலம் பகைவர் கட்டுக்கதை என்று எண்ணிய மார்மன் குடும்பங்கள் பல இருந்தன. 2015-இல் சபையாரே அக்கல்லின் நிழற்படத்தை வெளியிட்டார்கள். பழுப்பு நிறத்தில் கோடுகள் ஓடிய, முட்டை வடிவான சிறு கல் அது.

நூலின் கதை இது. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 600-இல் லேஹி என்பவர் தம் குடும்பத்துடன் ஜெருசலத்தை விட்டுப் புறப்பட்டு, அரபுப் பாலைவனத்தைக் கடந்து, கப்பல் கட்டி அமெரிக்கக் கண்டம் சேர்கிறார். அவர் மக்கள் நேபி, லாமன் ஆகியோரின் வழியில் இரு இனங்கள் தோன்றி ஆயிரம் ஆண்டு போரிடுகின்றன. உயிர்த்தெழுந்த ஈஸா நபி, அவர்கள் நம்பிக்கைப்படி இயேசு கிறிஸ்து, அங்கே வந்து போதிக்கிறார். இறுதியில் ஓரினம் அழிய, மார்மன் என்னும் தலைவர் தொகுத்த வரலாற்றை அவர் மகன் மொரோனி மண்ணில் புதைக்கிறார். தொகுத்தவர் பெயரே நூலுக்கும், நூல் வழியாக மதத்துக்கும் பெயராயிற்று. 1830 மார்ச் மாதம் பால்மைராவில் 5000 படிகள் அச்சாயின. அச்சுக்கூலி 3000 டாலருக்காக மார்ட்டின் ஹாரிஸ் என்ற அன்பர் தம் நிலத்தையே ஈடு வைத்தார். அடுத்த மாதம் 6-ஆம் நாள் சபை நிறுவப்பட்டது.

இனி ஸனதுக்கு வருவோம்.

எழுதப்பட்ட மொழி 'சீர்திருத்திய எகிப்தியம்' என்று நூலே கூறுகிறது. அம்மொழியை அறிந்தவர் உலகில் வேறெவரும் இலர். மூலத் தகடுகளை வானவர் திரும்ப எடுத்துச் சென்றுவிட்டார் என்பது அவர்கள் கூற்று. எஞ்சியிருப்பது ஆங்கிலம் மட்டுமே. பெயர்த்தவர் ஒருவர், மூலம் இல்லை, ஒப்புநோக்க வழியும் இல்லை. ஹதீஸ் கலையில் ஒரே அறிவிப்பாளர் மட்டும் தனித்து அறிவிப்பது உண்டு. அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் அவர் யாரிடம் கேட்டார் என்பதற்கு மேலே ஒரு தொடர் இருக்கும். இங்கே ஒருவருக்கும் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நூலாசிரியருக்கும் இடையே இருப்பது ஒரு குன்று மட்டுமே.

1828-இல் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இதை நன்கு விளக்கும். மொழிபெயர்ப்பின் முதல் 116 பக்கங்களை வீட்டாருக்குக் காட்ட வேண்டுமென்று ஹாரிஸ் வாங்கிச் சென்றார். அவை காணாமற் போயின. தகடுகள் கையிலிருந்தால் அப்பகுதியை மீண்டும் பெயர்ப்பதில் தடையென்ன? ஸ்மித் அவ்வாறு செய்யவில்லை. பகைவர் அப்பக்கங்களைத் திருத்திவைத்துக்கொண்டு, இரண்டும் வேறுபடுவதாகக் காட்டிப் பழிப்பார்கள் என்று தமக்கு அறிவிக்கப்பட்டதாகக் கூறி, அதே காலத்தைச் சொல்லும் வேறு தகடுகளிலிருந்து புதிதாகப் பெயர்த்தார். அரபு நூலொன்றை இருமுறை தமிழில் பெயர்க்கும் மாணவனின் இரு படிகளிலும் சொல் வேறுபடும், பொருள் வேறுபடாது. மத்ரஸாவில் முப்பதாண்டு பாடம் சொன்ன நமக்கு இது நாள்தோறும் காணும் காட்சி. மூலம் ஒன்றாயிருந்தால் இரண்டாம் படி முதற்படிக்குச் சாட்சியாகும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் சாட்சிகளே இல்லை என்று சொல்வதும் தவறு. நூலின் எல்லாப் பதிப்புகளிலும் பதினொருவர் சாட்சியம் அச்சாகியிருக்கிறது. ஒலிவர் கௌடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ் ஆகிய மூவர், வானவர் தகடுகளைக் காட்டக் கண்டதாகவும் விண்ணிலிருந்து குரல் கேட்டதாகவும் சொன்னார்கள். வேறு எண்மர் தகடுகளைக் கையால் தொட்டுப் பார்த்ததாக எழுதினார்கள். அவ்வெண்மரில் மூவர் ஸ்மித்தின் தந்தையும் உடன்பிறந்தார் இருவருமே. மற்ற ஐவர் விட்மர் குடும்பத்தாரும் அக்குடும்பத்து மருமகனும். நம் ஃபிக்ஹு நூல்களில் தந்தையின் சாட்சியம் மகனுக்குச் செல்லாது, சகோதரனுடையது செல்லும். செய்தி அறிவிப்பில் இக்கட்டுப்பாடு இல்லை. எனவே உறவினர் என்பதற்காகவே அவர்களை நாம் தள்ளிவிட இயலாது.

மூவரைப் பற்றிய ஒரு செய்தி உண்மையிலேயே கனமானது. 1838-க்குள் மூவரும் ஸ்மித்தோடு மாறுபட்டுச் சபையை விட்டு வெளியேறினார்கள். கௌடரியும் ஹாரிஸும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பினர். விட்மர் 1888-இல் இறக்கும் வரை திரும்பவே இல்லை. பகைத்துப் பிரிந்த நிலையிலும் மூவருள் ஒருவரும் தம் சாட்சியத்தை மறுக்கவில்லை. 'எல்லாரும் சேர்ந்து நடத்திய மோசடி' என்று எளிதாகப் பேசுவோர் இதற்கு விடை சொல்ல வேண்டும். நமக்குத் தோன்றுவது வேறு. அவர்கள் எதற்குச் சாட்சி? தகடு என்று ஒன்று இருந்தது என்பதற்கு. அம்மொழியை அவருள் எவரும் அறியார். எனவே பெயர்ப்பு சரியா என்பதைத் தம் அறிவால் சொல்ல அவருக்கு வழியில்லை. மேலும் தகடும் சாட்சியும் மட்டும் போதுமென்றால் 1845-இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்பவரும் மண்ணைத் தோண்டித் தகடெடுத்தார். நான்கு சாட்சிகளையும் வைத்தார். அவரைத் தலைமைச் சபையார் ஏற்கவில்லையே!

இனி மதன். காலமுரணைக் கொண்டு போலியை அறிவது நம் அறிஞர்க்குப் புதிதன்று. கைபர் யூதருக்கு ஜிஸ்யா இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்களே எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரம் பக்தாதில் காட்டப்பட்டபோது, கதீப் அல்பக்தாதி அதைப் பார்த்த மாத்திரத்தில் போலி என்றார். கைபர் ஹிஜ்ரி 7-இல் நடந்தது. சாட்சியாகக் குறித்திருந்த முஆவியா இஸ்லாத்தைத் தழுவியது அதற்கு அடுத்த ஆண்டு மக்கா வெற்றியின்போது. மற்றொரு சாட்சியான ஸஃது இப்னு முஆதோ அகழிப் போரை அடுத்தே உயிர்நீத்தவர். அவ்வளவுதான், பத்திரம் விழுந்தது.

அக்கண்ணோடு பார்த்தால் மார்மன் நூலில் குதிரையும் தேரும் எஃகும் கோதுமையும் வருகின்றன. அமெரிக்கக் கண்டத்தில் குதிரை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய், 1492-க்குப் பின் ஸ்பானியரால் மீண்டும் கொண்டுவரப்பட்டது. அந்நூலுக்காக வாதிடுவோரிடமும் விடைகள் உண்டு. நூலில் வரும் வாற்கோதுமை அங்கு இல்லாதது என்று நெடுநாள் சொல்லப்பட்டது. ஐரோப்பியர் வருமுன்பே ஒரு வகை வாற்கோதுமை அரிசோனாவில் பயிரானதற்குத் தொல்லியல் தடயம் பிறகு கிடைத்தது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு வாற்கோதுமை குதிரையையும் தேரையும் எஃகையும் சேர்த்துச் சுமக்காது.

ஏசாயா ஆகமத்தின் அதிகாரங்கள் பல நூலினுள் அப்படியே வருகின்றன. அவற்றுட் சில, லேஹி ஜெருசலத்தை விட்டதற்குப் பின்னர், பாபிலோனியச் சிறைவாசக் காலத்தில் எழுந்தவை என்பது ஆய்வாளர் கொள்கை. தீர்க்கதரிசனத்தை நம்புவோர் இவ்வாதத்தை ஏற்கமாட்டார். நாமும் அதை வற்புறுத்தவில்லை. வற்புறுத்த வேண்டியது வேறொன்று. அவ்வதிகாரங்கள் 1611-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான ஆங்கில பைபிளின் நடையிலேயே, பெரும்பாலும் அதே சொற்களிலேயே இருக்கின்றன. எகிப்திய மூலத்திலிருந்து புதிதாகப் பெயர்த்தால் இருநூறாண்டுக்கு முந்திய வேறு பெயர்ப்போடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போவது எங்ஙனம்?

அரபு கற்றோர் சுவைக்கும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். லேஹியின் பயணத்தில் நாஹோம் என்றோர் இடம் வருகிறது. யமன் நாட்டில் மஃரிபுக்கு அருகே கண்டெடுத்த பழம் பலிபீடக் கல்வெட்டுகளில் நிஹ்ம் என்னும் குலப்பெயர் இருப்பதை மார்மன் அறிஞர்கள் பெருஞ்சான்றாகக் காட்டுகிறார்கள். கல்வெட்டுகள் கிறிஸ்துவுக்கு முந்தியவை. லேஹியின் காலத்தை ஒட்டியவை. சான்று கவர்ச்சியானதுதான். ஆனால் நாஹோம் என்பதற்குத் துயரம், ஆறுதல் என்ற பொருள் கூறி அவர்கள் காட்டும் எபிரேய வேர்ச்சொல்லில் உள்ளது தொண்டையிலிருந்து எழும் பெரிய ஹா. யமன் குலப்பெயரில் உள்ளது மெலிந்த சிறிய ஹா. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஓரெழுத்தே என்பதால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. கிராஅத் ஓதும் சிறுவனுக்கும் இது தெரியும். அன்றியும் 18-ஆம் நூற்றாண்டில் நீபூர் வரைந்த அரபு நாட்டு நிலப்படத்திலேயே அப்பெயர் இருக்கிறது.

இவையெல்லாம் ஒரு புறமிருக்க, மொழிபெயர்ப்பைச் சோதிக்க மூலம் கிடைத்த இடம் ஒன்று உண்டு. 1835-இல் ஒஹையோ மாநிலத்துக் கர்ட்லாந்தில் ஊர் ஊராகக் காட்சிக்கு வந்த எகிப்தியப் பிணங்களையும் பாப்பிரஸ் ஏடுகளையும் சபையார் விலைக்கு வாங்கினர். ஓர் ஏட்டில் இபுறாஹீம் நபி எழுதியது இருப்பதாகச் சொல்லி ஸ்மித் பெயர்த்து, 1842-இல் வெளியிட்டார். அது இன்றளவும் சபையின் வேதங்களுள் ஒன்று. எகிப்திய எழுத்தைப் படிக்கும் திறவுகோலைச் சாம்போலியன் 1822-இலேயே கண்டிருந்தாலும் அக்கலை அமெரிக்கச் சிற்றூர்களை எட்டியிருக்கவில்லை. ஏடுகள் 1871-இல் சிகாகோ நகரம் தீப்பற்றியபோது எரிந்தன என்றே எல்லாரும் நம்பினர்.

1966-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பேராசிரியர் அவற்றின் துண்டுகள் அங்கிருப்பதைக் கண்டார். அவர் மார்மனுமல்லர், அமெரிக்கருமல்லர். சிலுவைப் போர்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எகிப்து நாட்டுக் கிப்தியர் அஸீஸ் அதிய்யா. 1967 நவம்பரில் அருங்காட்சியகம் அவற்றைச் சபைக்கே கொடுத்தது. எகிப்தியவியலார் படித்தனர். இறந்தவரோடு வைக்கும் ஈமச் சடங்கு ஏடுகள் அவை, எகிப்தில் வழக்கமானவை. இபுறாஹீம் நபியின் பெயர் அவற்றில் இல்லை. காலமும் அந்நபிக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

சபையார் என்ன செய்தார்கள் என்பதுதான் கருதத்தக்கது. 2014-இல் வெளியிட்ட விளக்கத்தில், துண்டுகளிலுள்ள எழுத்து அந்நூலின் வாசகத்தோடு பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்கள். தொலைந்த பகுதியில் மூலம் இருந்திருக்கலாம். அல்லது ஏடு ஒரு தூண்டுகோலாக அமைய, வாசகம் உள்ளுணர்த்தலாக வந்திருக்கலாம் என்றார்கள். முதல் விடை ஏட்டைக் காப்பாற்றுகிறது. இரண்டாம் விடையோ 'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லையே கைவிடுகிறது. மூலத்தைப் பார்த்துப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு. மூலத்தைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைக் கேட்பது வேறு. 1830-இல் அச்சான மார்மன் நூலின் முகப்பில் ஸ்மித்தை 'ஆசிரியரும் உரிமையாளரும்' என்று போட்டிருந்தது. அக்காலப் பதிப்புரிமைச் சட்டத்துக்காக அவ்வாறு போட்டார்கள் என்பது சபையாரின் விளக்கம். 1837 பதிப்பில் 'மொழிபெயர்ப்பாளர்' என்று மாற்றினார்கள். முதற்பதிப்பின் முகப்பே பொருத்தமானது என்பது நம் கருத்து.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதிய கதையைத் திருடினார் என்று ஐம்பதாண்டு சொன்னார்கள். அவருடைய கையெழுத்துப்படி 1884-இல் ஹொனலூலுவில் அகப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்தால் திருட்டுக்கு இடமில்லை. அவதூறு அதோடு போயிற்று. செவ்விந்தியர் யூதக் குலங்களின் வழித்தோன்றல்கள் என்ற எண்ணம் அந்நாளில் பலருக்கு இருந்தது; ஈதன் ஸ்மித் என்ற பாதிரியார் 1823-இல் அப்பொருள்பற்றி ஒரு நூலே வெளியிட்டிருந்தார். அந்நூலுக்கும் மார்மன் நூலுக்கும் உள்ள ஒற்றுமைகளை 1920-களில் வரிசைப்படுத்தியவர் பகைவரல்லர். சபையின் உயர் தலைவருள் ஒருவராகிய பி.எச்.ராபர்ட்ஸ். அவர் ஆய்வு 1985-இல்தான் அச்சேறியது. நூல் வெளிவந்த மறு ஆண்டே அலெக்சாண்டர் காம்பெல் என்ற போதகர், நியூயார்க் மாநிலத்தில் பத்தாண்டாகச் சபையார் சண்டையிட்ட பொருள்கள் அனைத்தும் இப்பழைய தகடுகளில் தீர்த்துவைக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். நமக்கு இவ்வொரு குறிப்பே போதுமானதாகத் தோன்றுகிறது. அந்நூல் அந்த மண்ணின் வினாக்களுக்கு அந்த மண்ணிலேயே விளைந்த விடை.

'இதே அளவுகோலை உங்கள் மறைக்கும் வைப்பீர்களா?' என்று ஒரு மார்மன் அன்பர் கேட்டால் அது நியாயமான கேள்வி. குர்ஆன் இறைவாக்கு என்பது ஈமான். அதனை எவர்மீதும் திணிக்க இயலாது. ஆனால் அதன் அரபு மூலம் கண்முன் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெருங்கூட்டத்தார் நாவிலும் நெஞ்சிலும் வந்திருக்கிறது. மொழியறிந்த மாற்றாரும் அதைப் படித்து வாதிட முடிகிறது. நம்பிக்கை வேறு, மூலம் இருப்பது வேறு. எட்வர்ட் மையரின் ஒப்புமை இவ்வொரு வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமலே கட்டப்பட்டது.

ஆவணங்களின் வழியை ஆராயாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கும் அவர்கள் வரலாற்றிலேயே ஒரு துயரச் செய்தி இருக்கிறது. மார்க் ஹாஃப்மன் என்பவர் 1980 முதல் ஸ்மித் காலத்துக் கடிதங்கள் என்று பலவற்றைக் கண்டெடுத்ததாகச் சொல்லிச் சபையாருக்கும் மற்றவர்க்கும் விற்றுவந்தார். கைதேர்ந்த வல்லுநரும் ஏமாந்தனர். கடிதம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காதபோதே ஐயுற்றிருக்க வேண்டும். தம் பொய் வெளிப்பட்டுவிடும் என்றஞ்சி அவர் 1985 அக்டோபர் 15-இல் குண்டு வைத்து இருவரைக் கொன்றார். 1987-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நூலைப் பற்றிய தீர்ப்பு இதுவென்றால் மக்களைப் பற்றிய தீர்ப்பும் அதுவே ஆகிவிடாது. மிசூரி மாநிலத்தில் அவர்கள் குடியேறியபோது, ஆளுநர் பாக்ஸ் 1838 அக்டோபர் 27-இல் அவர்களை அழித்தொழிக்க வேண்டும், அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று எழுத்திலேயே கட்டளையிட்டார். மூன்றே நாளில் ஹான்ஸ் மில் என்னும் சிற்றூரில் 17 பேர் கொல்லப்பட்டனர். அக்கட்டளை 1976-இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது. இல்லினாய் மாநிலத்தில் நாவூ நகரை எழுப்பினர். 1844-இல் தம்மை எதிர்த்த பத்திரிகையின் அச்சகத்தை உடைக்க உத்தரவிட்டு ஸ்மித் சிறைப்பட்டார். அது அவர் செய்த தவறு. ஜூன் 27-இல் கார்த்தேஜ் சிறைக்குள் ஒரு கும்பல் புகுந்து அவரையும் அவர் தமையனார் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் எஞ்சியோரை மேற்கே அழைத்துச் சென்று 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேற்றினார். கொடுமைக்கு ஆளானவர் கொடுமை செய்யமாட்டார் என்பதுமில்லை: 1857 செப்டம்பரில் யூட்டாவின் வழியே சென்ற குடியேறிகள் ஏறத்தாழ 120 பேரை அங்குள்ள மார்மன் படையினர் மவுண்டன் மெடோஸ் என்னுமிடத்தில் கொன்றனர்.

பலதார மணத்துக்கு அவர்களைத் துணைக்கழைப்போர் விவரம் அறிய வேண்டும். அவர்களிடையே அது மறுமையிலும் தொடரும் விண்ணக மணம் என்ற கொள்கையின் பகுதி. நான்கு என்ற வரம்பில்லை. ஸ்மித்தின் மனைவியர் 30 முதல் 40 வரை இருக்கலாம் என்றும், அவருள் வேறு கணவர் உயிரோடிருந்தவர் சிலர் உண்டென்றும் சபையாரே 2014-இல் எழுதினர். நம் ஷரீஅத்தில் இதற்கு இடமேது? ஆனால் அதை ஒடுக்கிய முறையில் நம் பெயரும் அடிபட்டதை அறிந்து வைப்பது நல்லது. 1879-இல் ரெய்னால்ட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கே உரிய வழக்கம் என்று காரணங்காட்டி அவர்களுக்கெதிராகத் தீர்ப்பளித்தது. மதத்தை ஆராயவில்லை, தோலை ஆராய்ந்தது. 1890-இல் சபை அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1896-இல் யூட்டா மாநிலமாக ஏற்கப்பட்டது.

இனி அவர்கள் யார் என்ற வினா. தம்மை அவர்கள் கிறிஸ்தவர் என்றே சொல்கிறார்கள். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1982 முதல் நூலின் முகப்பில் இயேசு கிறிஸ்துவின் மற்றொரு ஏற்பாடு என்ற துணைத்தலைப்பும் சேர்ந்தது. கத்தோலிக்கத் திருச்சபையோ அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001-இல் அறிவித்தது. காரணம் கி.பி. 325-இல் நைசீயாவில் வகுத்த திரித்துவக் கொள்கையை அவர்கள் ஏற்காமை. இதைக் கேட்டவுடன் 'அப்படியானால் தவ்ஹீதுக்கு அருகில் வந்துவிட்டார்களே' என்று மகிழ்வோர் நம்மில் உண்டு. மகிழ வேண்டாம். அவர்கள் கொள்கையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள். பிதாவுக்குத் தசையும் எலும்புமான உடலுண்டு. மனிதன் உயர்ந்து உயர்ந்து தெய்வ நிலையை எய்தலாம். திரித்துவத்தின் எதிர்ப்பக்கமெல்லாம் தவ்ஹீது ஆகிவிடாது.

பெயர் விஷயத்தில் நம் எண்ணம் வேறு. 'மார்மன்' என்பது வெளியார் ஒட்டிய பெயர். அதைப் பின்னர் அவர்களும் ஏற்றுக்கொண்டனர். 2018-இல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் அதனைக் கைவிடுமாறு வேண்ட, புகழ்பெற்ற அவர்களது பாடற்குழுவும் பெயர் மாற்றிக்கொண்டது. பழைய அரசாங்கக் குறிப்புகளில் நம்மை 'முகமதியர்' என்று எழுதியபோது, நாங்கள் நாயகத்தை வணங்குவோரல்லர், முஸ்லிம்கள் என்று நம் பெரியோர் எத்தனை முறை எழுத வேண்டியிருந்தது! தாம் எப்பெயரால் அழைக்கப்பட வேண்டுமென்று சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு. இக்கட்டுரையில் பழம்பெயரை ஆண்டது வாசகர்க்கு அதுவே தெரிந்த பெயர் என்பதனால். அன்றியும் எல்லாரும் ஒரே சபையாருமல்லர். ஸ்மித்தின் மகன் தலைமையில் 1860-இல் ஒன்றுகூடிய மற்றொரு பிரிவினர் மிசூரியில் இருக்கிறார்கள். 2001 முதல் கிறிஸ்துவின் சமூகம் என்று பெயர் கொண்ட அவர்கள், கர்ட்லாந்து ஆலயத்தை 2024-இல் பெரிய சபைக்கு விற்றனர். பெரிய சபையின் கணக்கோ உலகெங்கும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல்.

நம்மைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? 1841-இல் நாவூ நகர மன்றம் வழிபாட்டுரிமைச் சட்டம் இயற்றியபோது, அவ்வுரிமை உடையோர் பட்டியலில் கிறிஸ்தவப் பிரிவுகளோடு முகமதியரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அவ்வூரில் ஒரு முஸ்லிம் இருந்ததாக நாம் படித்ததில்லை. 1978 பிப்ரவரியில் சபைத் தலைமை வெளியிட்ட அறிக்கை, இறையொளியின் ஒரு பகுதியைப் பெற்ற பெருமக்கள் வரிசையில் நாயகம் (ஸல்) அவர்களையும் குறித்தது. 'ஒரு பகுதி' என்பதை நாம் ஏற்பதற்கில்லை. குறித்த நல்லெண்ணத்தை மறுப்பதற்கும் இல்லை. யூட்டாவில் அவர்கள் நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இஸ்லாமிய மெய்யியல் நூல்களை வரிசையாகப் பதிப்பித்தது. 1997-இல் இமாம் கஸ்ஸாலியின் தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா வந்தது. அடுத்த ஆண்டு மிஷ்காத்துல் அன்வார். இரண்டிலும் அரபு மூலமும் ஆங்கிலப் பெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில், வரிக்கு வரி ஒப்புநோக்கும்படி அச்சாகியிருக்கின்றன.